மானிடவியல், சமூகவியல் ஆய்வு முதுகலைப் பட்டம்

வகுப்புப் பாடங்களைவிட மாணவர் தாமே நடத்தும் ஆய்வுக்கும் ஆய்வேட்டுக்கும் முதலிடம் தருவது ஆய்வு முதுகலைப் பட்டம். மானிடவியலிலும் சமூகவியலிலும் அதன் அடித்தளம் களப்பணி. தமிழகத்தில் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடைப்பட்ட எம்.ஃபில். எனும் ஆய்வியல் நிறைஞர் பட்டமே நெடுங்காலம் இவ்விடத்தை வகித்தது.

வரலாறு

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இல் சமூகவியல் துறையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945இல் மானிடவியல் துறையும் தொடங்கின. பம்பாயில் அக்காலத்தில் ஆய்வேடு எழுதியே எம்.ஏ. பட்டம் பெற முடிந்தது. அங்கே சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யேயிடம் பயின்ற எம்.என். சீனிவாஸ், மைசூர்ப் பகுதியின் திருமணத்தையும் குடும்பத்தையும் ஆராய்ந்து எழுதிய முதுகலை ஆய்வேடு 1942இல் நூலாக வந்தது.

படிப்பின் அமைப்பு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி எம்.ஃபில். படிப்புக்குக் குறைந்தது 2 பருவங்களும் அதிகபட்சம் 4 பருவங்களும் இருந்தன. ஆய்வு முறையியல், கோட்பாடு ஆகிய பாடங்களை முடித்தபின் மாணவர் நெறியாளரின் மேற்பார்வையில் களத்துக்குச் செல்வார்; ஆய்வேட்டை அளித்து வாய்மொழித் தேர்வை எதிர்கொள்வார். பங்கேற்று உற்றுநோக்கல், நேர்காணல், வீட்டுவாரிக் கணக்கெடுப்பு, உறவுமுறை வரைபடம் ஆகியவை முக்கியக் கள முறைகள். தகவல் தருவோரின் ஒப்புதல் பெறுவதும் அடையாளம் மறைப்பதும் ஆய்வு நெறி. தஞ்சை ஊர்களை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேயின் 'ஸ்ரீபுரம்', கேத்லீன் கஃப்பின் 'கும்பப்பேட்டை' இரண்டும் புனைபெயர்களே.

களத் தேர்வு: பள்ளிப்பட்டு

காலம் குறுகியது என்பதால் ஓர் ஊர், ஒரு கேள்வி என்று ஆய்வை வரையறுப்பது வழக்கம். திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லையில் உள்ள பள்ளிப்பட்டு இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களம். வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதி அதனுடன் சென்றது. பின்னர் ஆந்திரத்துடனான எல்லை மாற்றத்தால் 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஆகவே பழைய ஆவணங்களைத் தேடுபவர் பல மாவட்டங்களின் பதிவுகளைப் புரட்ட வேண்டும். தமிழும் தெலுங்கும் புழங்கும் ஊரில் இரு மொழியும் அறிந்தவருக்கே நேர்காணல் எளிது. வீட்டிலும் பள்ளியிலும் சந்தையிலும் எம்மொழி பேசப்படுகிறது, எல்லை தாண்டிய மணஉறவுகள் எவ்வாறு தொடர்கின்றன, நெசவுக் குடும்பங்களில் வேலை எப்படிப் பகிரப்படுகிறது என்பன ஓராண்டுக்குள் அடங்கும் கேள்விகள்.

இன்றைய நிலை

தேசியக் கல்விக் கொள்கை 2020 எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தப் பரிந்துரைத்தது. மானியக் குழுவின் 2022 நவம்பர் விதிகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஏற்கெனவே சேர்ந்தவர்களின் பட்டம் பாதிக்கப்படவில்லை. புதிய அமைப்பில், மூன்றாண்டு இளநிலை முடித்தோர் ஈராண்டு முதுகலையின் இரண்டாம் ஆண்டை ஆய்வுக்கே ஒதுக்கலாம். நான்காண்டு இளநிலை முடித்தோருக்கு ஓராண்டு முதுகலை உண்டு. நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலை இன்றியே முனைவர் பட்ட ஆய்வில் சேரவும் தகுதி பெறுகிறார்.