கடிதத்துக்கு ஒரு நீதி, கோதுமைக்கு ஒரு நீதி

பிரெஞ்சுக்காரர் கட்டண விகிதத்தைத் ‘தாரிஃப்’ என்பர். சுங்கத்தைத் ‘துவான்’ என்பர். முன்னது, ‘அறிவித்தல்’ எனப் பொருள்படும் ‘தஃரீஃப்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பின்னதன் மூலம் நமக்கெல்லாம் பழக்கமான ‘திவான்’. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் அரபு வணிகரோடு கணக்குத் தீர்த்த இத்தாலியர் வாயிலாக இவ்விரு சொற்களும் பிரான்சுக்குள் நுழைந்தன. இன்ன பொருளுக்கு இன்ன தீர்வை என்று முன்கூட்டியே அறிவிப்பது வணிகனுக்குச் செய்யும் நன்மை. ஆனால் பிரெஞ்சு அரசு அறிவித்த பட்டியல்களில் வணிகனின் நன்மையைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை.

பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் கொல்பேர் 1664இல் ஒரு தீர்வைப் பட்டியலைக் கொணர்ந்தார். 1667இல் அதனைக் கடுமையாக உயர்த்தினார். டச்சு வணிகத்தை முடக்குவதே நோக்கம். 1672இல் டச்சுக்காரரோடு மூண்ட போருக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. அதே 1664இல்தான் அவர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் நிறுவினார். இந்தியாவிலிருந்து, நமது சோழமண்டலக் கரையிலிருந்தும், கப்பலேறிய வண்ணச் சீட்டித் துணிகள் பிரெஞ்சு மாதரின் மனத்தைக் கவர்ந்தன. பட்டும் கம்பளியும் நெய்தவர்கள் கூக்குரலிட்டனர். 1686இல் சீட்டிக்கே தடை பிறந்தது! அரசு ஈன்ற கம்பெனியின் சரக்கை அரசே விலக்கிய விந்தையை என்னென்பது? 1759 வரை, 73 ஆண்டுகள், அத்தடை நீடித்தது. சீட்டியின் மேலிருந்த மோகம் தணிந்ததா என்றால், இல்லை. கள்ளக் கடத்தல்தான் கொழித்தது.

கடிதத்தின் கதை வேறு. 1849க்கு முன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கட்டணம் செலுத்தினார். 1828இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தூரத்தை 11 படிகளாக வகுத்தது. ஏழரை கிராமுக்கு உட்பட்ட கடிதம் 40 கிலோமீட்டர் வரை சென்றால் 20 சாந்தீம். 900 கிலோமீட்டரைத் தாண்டினால் 1 பிராங்க் 20 சாந்தீம். கூலியாள் ஒருவனின் அன்றைய ஊதியத்தில் பெரும்பகுதி அது. பிழைப்புக்காகத் தொலைவூர் சென்ற மகனின் கடிதம் வாசலுக்கு வந்தும், கொடுக்கக் காசில்லாத தாய் அதைத் திருப்பியனுப்ப நேரிடும். பாசத்துக்கு விதித்த தீர்வை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

1848இன் புரட்சி இதனை மாற்றியது. தபால் துறையின் தலைமைக்கு வந்த எத்தியேன் அராகோ ஒரு நாடகாசிரியர். 1840இல் இங்கிலாந்து காட்டிய வழியில், அவ்வாண்டு ஆகஸ்ட் 24இல் ஆணை பிறந்தது. 1849 ஜனவரி 1 முதல் பிரான்சுக்குள் எத்தொலைவுக்கும் 20 சாந்தீம். ‘சேரஸ்’ என்னும் தானிய தேவதையின் முகம் பொறித்த முதல் அஞ்சல் தலையும் அன்றே வெளிவந்தது. கருநிறத் தலையின்மேல் கருமுத்திரை தெரியாமற்போன சங்கடம் தனி!

கருவூலம் சும்மா இருக்கவில்லை. 1850 ஜூலையில் கட்டணம் 25 சாந்தீமாயிற்று. 1854இல் முன்கூட்டிச் செலுத்தினால் 20, செலுத்தாவிடில் 30 என்று வகுத்தபின் மக்கள் தாமாகவே அஞ்சல் தலையை நாடினர். அதட்டலால் ஆகாததை இந்த 10 சாந்தீம் வேற்றுமை சாதித்தது. பிரஷ்யாவிடம் தோற்றபின் 500 கோடி பிராங்க் தண்டம் தலைமேல் விழுந்தது. 1871இல் மீண்டும் 25. 1878இல் 15.

சுங்கத்திலோ, 1860இல் மூன்றாம் நெப்போலியன் இங்கிலாந்தோடு உடன்படிக்கை செய்து கதவைத் திறந்தார். 1892இல் மெலின் கொணர்ந்த சட்டம் அக்கதவைச் சாத்தியது. உழவரைக் காக்க வந்த கோதுமைத் தீர்வை 1885இல் நூறு கிலோவுக்கு 3 பிராங்க், 1887இல் 5, 1894இல் 7. 1906இல் கடிதக் கட்டணம் 10 சாந்தீமாக இறங்கியது. மார்செய் தொழிலாளி, ஊரிலிருக்கும் தாய்க்கு அதுவரை இல்லாத மலிவில் கடிதம் எழுதினான். அவன் உண்ட ரொட்டியின் மீது 7 பிராங்க் தீர்வை அப்படியே இருந்தது.