பாலைவனத் துறவிகளின் எண்ணக் காவல்

உள்ளத்தில் எழும் எண்ணத்தை அது எழும்போதே கண்டுகொள்வது, எங்கிருந்து வந்தது, எதை நோக்கி இழுக்கிறது என்று விசாரிப்பது, தீயதாக இருந்தால் தங்க இடம் கொடாமல் அனுப்பிவிடுவது: இந்தப் பயிற்சி கிறிஸ்தவ மரபில் ஒழுங்கான முறையாக உருப்பெற்றது 4ஆம் நூற்றாண்டு எகிப்தில்தான். விதை விவிலியத்தில் முன்பே இருந்தது. நீதிமொழிகள் நூலின் 4ஆம் அதிகாரம் இருதயக் காவலை மற்றெல்லாக் காவலுக்கும் மேலே வைக்கிறது. தீய எண்ணங்களின் ஊற்று இருதயமே என்று மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இயேசு கற்பிக்கிறார். கிரேக்க உலகின் ஸ்டோயிக் தத்துவவாதிகளும் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்லியிருந்தார்கள். மனத்தில் தானாக எழும் முதல் அசைவு மனிதன் கையில் இல்லை. அதற்கு இசைவு தரும் இடத்தில்தான் பொறுப்பு தொடங்குகிறது. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிகன் இந்த வேறுபாட்டைக் கிறிஸ்தவப் போதனைக்குள் கொண்டுவந்தார். அதைத் தத்துவப் பாடமாக விட்டுவிடாமல் அன்றாட வேலையாக்கியவர்கள் பாலைவனத் துறவிகள்.

இத்துறவிகளில் முதலில் பெயர் பெற்றவர், தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று அழைக்கும் அந்தோணியார். ஏறத்தாழ 251இல் பிறந்து 356இல் மறைந்தவர். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் ஆயர் அத்தனாசியார் எழுதிய வாழ்க்கை வரலாறு எண்ணக் காவலுக்கு ஒரு விசித்திரமான வழியை அவர் வாயிலாகச் சொல்கிறது. தன் செயல்களையும் உள்ளத்தின் அசைவுகளையும், இன்னொருவரிடம் காட்டப்போவது போல ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும். பிறர் பார்வையில் செய்யக் கூசுவதை எழுதவும் மனிதன் கூசுவான். அந்தக் கூச்சமே காவலாகிவிடும். அந்தோணியார் எழுத்தறியாதவர் என்று சொல்லும் அதே நூலில்தான் இந்த யோசனையும் வருகிறது.

அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே நித்ரியா, கெல்லியா, ஸ்கேத்திஸ் என்ற மூன்று குடியிருப்புகள் 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாயின. கெல்லியாவில் ஒருவர் குடிலிலிருந்து அடுத்தவர் குடில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தொலைவில் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் தனிமை. சனி, ஞாயிறுகளில் மட்டும் கோயிலில் கூடுவார்கள். பனையோலை பின்னுவது, கயிறு திரிப்பது, கூடை முடைவது போன்ற வேலைகளால் உணவுக்கு வழி தேடினார்கள். கை ஓயாமல் வேலை செய்யும். மனத்துக்கோ வேலை இல்லை. சொத்தும் குடும்பமும் ஊரும் விலகிப்போன பிறகு மிஞ்சியவை அவற்றைப் பற்றிய நினைவுகளே. உலகத்தாரோடு பேய்கள் பொருள்களைக் கொண்டு போரிடுகின்றன, துறவிகளோடு எண்ணங்களைக் கொண்டு போரிடுகின்றன என்ற கருத்து கெல்லியாவில் பிறந்ததில் வியப்பில்லை.

அக்கருத்தை எழுதிவைத்த எவாக்ரியஸ் ஏறத்தாழ 345இல் கருங்கடலை ஒட்டிய பொந்துஸ் பகுதியில் இபோரா என்ற ஊரில் பிறந்தவர். பசீலியார் அவரை வாசகராக நியமித்தார். நசியான்சு கிரகோரியார் திருத்தொண்டராக்கினார். கான்ஸ்டாண்டிநோபிளில் சொற்போரில் வல்லவராகப் புகழ் ஏறிவந்த காலத்தில், உயர்குடியைச் சேர்ந்த மணமான பெண் ஒருத்தியிடம் அவர் மனம் சிக்கியது. ஒரு கனவு தந்த அச்சத்தில் எருசலேமுக்குக் கப்பலேறினார். அங்கே மீண்டும் பகட்டுக்குத் திரும்பி, நோயில் விழுந்தார். மெலானியா என்ற துறவுப் பெண்மணி உண்மையைக் கேட்டறிந்து, துறவு பூணும்படி அவரை எகிப்துக்கு அனுப்பினார். ஏறத்தாழ 383இல் நித்ரியா சேர்ந்தவர், இரண்டு ஆண்டுக்குப் பின் கெல்லியா போய், நூல்களைப் படியெடுத்துப் பிழைத்து, 399இல் அங்கேயே இறந்தார். எண்ணங்களைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதியவர் எண்ணத்தால் அலைக்கழிக்கப்பட்டவராகவே இருந்திருக்க முடியும்.

எவாக்ரியஸ் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார்: உணவாசை, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. பட்டியலைவிட அவற்றுக்கு அவர் தரும் விளக்கம்தான் சுவையானது. துறவியிடம் உணவாசை விருந்தின் வடிவில் வருவதில்லை. வயிறு கெடும், ஈரல் கெடும், பக்கத்தில் மருத்துவர் இல்லை என்ற அக்கறையாக வருகிறது. பொருளாசையும் அப்படியே. நீண்ட முதுமையையும், உழைக்க முடியாத கையையும், வரப்போகும் பஞ்சத்தையும், பிறரிடம் வாங்கித் தின்னும் அவமானத்தையும் அது காட்டும். தீய எண்ணம் நியாயமான யோசனையின் உடையில் வரும் என்பதை இவ்வளவு தெளிவாக அவருக்கு முன் யாரும் விவரித்ததாகத் தெரியவில்லை.

ஆறாவதான சோர்வை அவர் எல்லாவற்றிலும் கொடியதாகக் கருதினார். சங்கீதத்தில் வரும் நடுப்பகல் பேய் இதுவே என்றார். பொழுது நகரவே இல்லை என்று தோன்றும். உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று துறவி சன்னல் வழியே வெயிலைப் பார்ப்பார். யாராவது வருகிறார்களா என்றும் பார்ப்பார். இடம் பிடிக்காது, வேலை பிடிக்காது, சகோதரர்களிடம் அன்பு வற்றிவிட்டது என்று மனம் சொல்லும். முதன்மையான மருந்து குடிலைவிட்டு வெளியேறாமல் இருப்பது.

இவ்வெண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் உண்டு என்பது அவர் முறையின் அடிப்படை. எது எந்த வேளையில் வருகிறது, எதன் பின் எது வருகிறது, எது எதனோடு சேராது என்று கவனிக்கச் சொன்னார். தங்கிவிடப் பார்க்கும் எண்ணத்துக்கு விவிலிய வசனத்தால் விடை தர வேண்டும்; பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட இயேசு செய்ததும் அதுவே. இதற்கென்றே எட்டு எண்ணங்களுக்கும் எட்டுப் பகுதியாக ஏறக்குறைய 500 வசனங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்தச் சமயத்துக்கு உரியது என்று குறித்துவைத்தார்.

ஆனால் இது தனியாகச் செய்யும் வேலை அல்ல. இளைய துறவி தன் எண்ணங்களை மூத்தவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூத்தவரை அப்பா என்றும், சின்கிளேத்திக்கா, சாரா போன்ற மூத்த பெண் துறவிகளை அம்மா என்றும் அழைத்தார்கள். மனம் முழுக்கக் கெட்ட எண்ணங்கள் என்று ஒரு சகோதரர் முறையிட்டபோது, அப்பா பொய்மேன் அவரை வெளியே அழைத்துப்போய் மேலாடையை விரித்துக் காற்றைப் பிடிக்கச் சொன்னாராம். முடியாது என்றார் சகோதரர். அப்படியானால் எண்ணங்கள் வருவதையும் தடுக்க முடியாது, எதிர்த்து நிற்பதே உன் வேலை என்றார் பொய்மேன். சொல்லாமல் மறைத்த எண்ணமே வளரும் என்பது இத்துறவிகளின் உறுதியான நம்பிக்கை. பாவ அறிக்கையோடு இதைக் குழப்பக் கூடாது. செய்த குற்றத்துக்கு மன்னிப்பு கேட்பது அது. இன்னும் செயலாகாத ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது இது. கேட்கும் அப்பா திருப்பட்டம் பெற்ற குருவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

6ஆம் நூற்றாண்டில் காசா அருகே வாழ்ந்த பர்சனூபியுஸ், யோவான் என்ற இரு முதியவர்கள் அறையைவிட்டு வெளியே வராமலே, துறவிகளும் இல்லறத்தாரும் எழுதிக் கேட்ட கேள்விகளுக்குக் கடிதம் வழியே விடை சொன்னார்கள். ஏறத்தாழ 850 கடிதங்கள் எஞ்சியுள்ளன. அடுத்த நூற்றாண்டில் சீனாய் மலையின் யோவான் கிளிமாக்கஸ், அலெக்சாந்திரியா அருகே ஒரு மடத்தில் உணவுக்கூடப் பொறுப்பாளர் இடுப்புக் கச்சையில் சிறு ஏடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்ததைக் கண்டார். அன்றன்றைய எண்ணங்களை எழுதித் தலைவரிடம் காட்டுவதற்காம். அந்தோணியாரின் யோசனை சுமார் 300 ஆண்டுகளுக்குப் பின்னும் நடப்பில் இருந்திருக்கிறது.

30 படிகள் கொண்ட 'ஏணி' என்ற தம் நூலில் கிளிமாக்கஸ், ஓர் எண்ணம் மனிதனை ஆட்கொள்ளும் வழியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்காட்டினார். முதலில் எண்ணம் வந்து தட்டுகிறது. இதில் குற்றமே இல்லை. பிறகு மனம் அதனோடு பேச்சுக் கொடுக்கிறது. அடுத்து இசைகிறது, அடிமையாகிறது. போராட்டமும், பழகி ஊறிய இச்சையும் அதைத் தொடர்கின்றன. விழித்திருக்க வேண்டிய இடம் முதல் இரண்டு கட்டத்துக்கு நடுவே என்பதுதான் இந்தப் பகுப்பின் பயன்.

மேற்கில் கதை வேறு திசையில் போனது. எவாக்ரியஸ் இறந்த சிறிது காலத்துக்குள் அலெக்சாந்திரியா ஆயர் தியோபிலுஸ், ஒரிகனைப் பின்பற்றியவர்கள் என்று சொல்லித் துறவிகள் பலரைப் பாலைவனத்திலிருந்து விரட்டினார். அக்காலத்தில் எகிப்தைவிட்டுப் போன யோவான் காசியன் பின்னர் மார்செய் நகரில் மடங்கள் அமைத்து, எட்டு எண்ணங்களின் போதனையை லத்தீனில் எழுதினார். எவாக்ரியஸின் பெயரை மட்டும் எழுதவில்லை. 6ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் தம் மடத்து ஒழுங்கில் காசியனைப் படிக்கச் சொல்லி, தீய எண்ணங்களை மடாதிபதியிடம் வெளிப்படுத்துவதைத் தாழ்மையின் படிகளில் ஒன்றாக வைத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் பட்டியலைத் திருத்தினார். சோர்வைத் துயரத்தோடு இணைத்து, பொறாமையைச் சேர்த்து, அகந்தையை எல்லாவற்றுக்கும் வேராக்கி, ஏழு என்று நிறுத்தினார். 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியபின் இந்த ஏழும் குற்றங்களைக் கேட்டறியும் வரிசையாயின. தமிழ் ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் மனனம் செய்த தலையான பாவங்கள் ஏழு இப்பட்டியலின் வழிவந்தவை. என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கென ஒரு தமிழ்க் கையேடே அச்சிட்டார். எகிப்தில் தட்டும் எண்ணத்தை இனம் காணும் கருவியாக இருந்தது மேற்கில் பாவக் கணக்காக மாறியது இழப்புதான். 1521இல் காயம்பட்டுப் படுத்திருந்த லொயோலா இஞ்ஞாசியார், எந்த நினைவு பின்னால் வறட்சியைத் தருகிறது, எது நிறைவைத் தருகிறது என்று கவனிக்கத் தொடங்கியபோது பழைய முறையின் ஒரு பகுதி மேற்கில் மீண்டும் உயிர்பெற்றது.

கிழக்கில் காவல் ஜெபத்தோடு இணைந்தது. சீனாயின் ஹெசிகியுஸ், இயேசுவின் பெயரை இடைவிடாது அழைப்பதே எண்ணங்களுக்கு எதிரான முதன்மையான ஆயுதம் என்றார். 13ஆம் நூற்றாண்டில் அத்தோஸ் மலையின் நிக்கெபோரஸ் அந்த ஜெபத்தை மூச்சின் ஓட்டத்தோடு சேர்த்தார். கலாபிரியாவின் பர்லாம் இதைக் கண்டு, ஆன்மாவைத் தொப்புளில் தேடுகிறவர்கள் என்று கேலி செய்தார். கிரகோரி பலமாஸ் துறவிகளுக்காக வாதாடினார். 1341, 1351 ஆண்டுகளில் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கங்கள் பலமாஸ் பக்கம் தீர்ப்பளித்தன.

சிதறிக்கிடந்த நூல்களை கொரிந்து ஆயர் மக்காரியோஸும் அத்தோஸ் துறவி நிக்கோதேமோஸும் தொகுத்து 1782இல் வெனிஸில் 'பிலோகாலியா' என்ற பெயரில் அச்சிட்டார்கள். 1793இல் துறவி பைசி வெலிச்கோவ்ஸ்கியின் ஸ்லாவோனிய மொழிபெயர்ப்பு மாஸ்கோவில் வெளிவந்தது. பிறகு ரஷ்யத் துறவி தெயோபான் ரஷ்ய மொழியில் ஐந்து தொகுதிகளாகத் தந்தபோது மூச்சுப் பயிற்சி பற்றிய பகுதிகளை விட்டுவிட்டார். அருகில் வழிகாட்டி இல்லாமல் நூலை மட்டும் பார்த்து முயல்வது ஆபத்து என்பது அவர் கருத்து. அச்சு நூல் யார் கைக்கும் போகும், அப்பா கூடவே போகமாட்டார் என்று அவர் கணித்தது சரியே.

எவாக்ரியஸைத் திருச்சபை 553இல் ஒரிகனோடு சேர்த்துக் கண்டித்திருந்தது. அவர் நூல்களில் சில சிரியாக், அர்மேனிய மொழிபெயர்ப்புகளில் மட்டும் தப்பின. வேறு சில நீலுஸ் என்ற குற்றமற்ற துறவியின் பெயரில் கிரேக்கத்திலேயே வாழ்ந்தன. ஜெபத்தைப் பற்றிய அவருடைய நூலை 1782இன் பிலோகாலியாவும் நீலுஸ் பெயரிலேயே அச்சிட்டது. அது எவாக்ரியஸுடையது என்று இயேசு சபை அறிஞர் ஐரினே ஹவுசெர் நிறுவியது 1930களில்தான்.