தொட்டில்: சொல்லும் பொருளும்

கைக்குழந்தையைக் கிடத்தி ஆட்டித் தூங்கவைக்கும் தொங்கு படுக்கை தொட்டில். மலையாளத்தில் தொட்டில், கன்னடத்தில் தொட்டிலு, தெலுங்கில் தொட்டெ என இச்சொல் தென்னக மொழிகள் பலவற்றிலும் வழங்குகிறது. அதன் தொன்மைக்கு இதுவே சான்று.

பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனுக்கு இருவகைத் தொட்டில் வருகிறது. தாலாட்டுப் பதிகத்தில் வருவது பிரமன் அனுப்பிய பொற்றொட்டில். பிறப்பைப் பாடும் பதிகத்தில் வருவதோ பிள்ளை உதைத்தால் கிழிந்துபோகும் தொட்டில். கிழியும் என்பதால், துணித்தொட்டில் ஆழ்வார் காலத்திலேயே வழக்கில் இருந்திருக்கலாம். தாலாட்டு என்பதில் உள்ள ‘தால்’ நாக்கைக் குறிக்கும். நாவை அசைத்து ஒலியெழுப்பி உறங்கவைப்பதால் வந்த பெயர். பிள்ளைத்தமிழில் தால் மூன்றாம் பருவம்.

துணித்தொட்டிலுக்குத் தமிழ்நாட்டில் தூளி என்றும், யாழ்ப்பாணத்தில் ஏணை என்றும் பெயர். பல முறை துவைத்து மெத்தென்றான நூல் சேலையை விட்டத்திலோ கொக்கியிலோ கட்டுவார்கள். இருபக்கத் துணியும் குழந்தையின் முகத்தை மூடாதிருக்க இடையே ஒரு கம்பைக் கொடுப்பதும் உண்டு. மண்தரை வீட்டில் பூச்சி பொட்டு அண்டாமல் குழந்தையை உயரே வைக்கவும், வேலை செய்துகொண்டே தாய் ஒரு கையால் ஆட்டிவிடவும் தூளி உதவியது. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையிலுள்ள உப்பிலியபுரம் போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் மெல்லிய நூல் துணியே குழந்தையின் உடலுக்கு இதம்.

வீட்டுக்கு வெளியேயும் இச்சொல் பொருள் விரிந்தது. திருச்சி மாவட்டச் சமயபுரம் மாரியம்மன் கோயிலில், பிள்ளை வரம் பெற்றவர்கள் கரும்பில் சேலையைக் கட்டிக் குழந்தையைக் கிடத்திச் சுமந்து வலம்வருவது கரும்புத் தொட்டில். பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் கொண்டுவந்தது தொட்டில் குழந்தைத் திட்டம். காப்பது, ஏந்திக்கொள்வது என்னும் கருத்து இரண்டிலும் நிற்கிறது.

அந்தக் காப்பு இன்று இன்னும் சில கவனங்களைக் கேட்கிறது. தூளியில் உடல் வளைந்து கிடப்பதால் பச்சிளங்குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தி மூச்சுவழி குறுகக்கூடும். ஆகவே, குழந்தையைச் சமமான, அமுங்காத படுக்கையில் மல்லாந்து படுக்கவைக்க வேண்டும் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முதல் ஓராண்டுக்குத் தலையணையும் கனத்த போர்வையும் பஞ்சுப் பொம்மையும் படுக்கையில் கூடாது. தாய் உறங்கும் அறையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், தனிப்படுக்கை அமைவது நல்லது. காற்றோட்டம் வேண்டும்; புகை அண்டக் கூடாது. ஆட்டித் தூங்கவைத்த குழந்தையைத் தூளியிலேயே விட்டுவிடாமல் இத்தகைய படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். நாலு பக்கமும் கம்பியடைப்பும் தட்டையான அடித்தளமும் கொண்டு அசையாமல் நிற்கும் மரத்தொட்டில் இதற்கு ஏற்றது.