ஒதுங்கிடம் என்னும் சொல்

கடலை வாளால் மட்டுமன்றிச் சொல்லாலும் கைக்கொள்ளலாம் என்பதற்குத் தென்சீனக் கடலின் வரலாறு சான்றாகும்.

1947இல் அன்றைய சீனக் குடியரசு வரைபடமொன்றில் பதினொரு கோட்டுத் துண்டுகளை இட்டு, அக்கடலின் பெரும்பகுதியைத் தனதென்றது. பின்வந்த மக்கள் சீனம் அவற்றை ஒன்பதாக்கியது. கோட்டின் பின்னே படை வந்தது. 1974 சனவரியில் தென்வியத்நாமியக் கடற்படையை வென்று பாரசெல் தீவுகள் முழுவதையும் சீனம் கொண்டது. 1988 மார்ச்சு 14இல் ஸ்பிராட்லித் தீவுக்கூட்டத்தின் ஜான்சன் தென்திட்டில் வியத்நாமிய வீரர் 64 பேர் மாண்டனர்.

1995இல் உத்தி வேறு வடிவம் பெற்றது. பிலிப்பைன்சு உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டில் முளைக்கால்களின் மேல் குடில்கள் எழுந்திருக்கக் கண்டனர். அவை மீனவர் ஒதுங்கிடங்கள் என்றது பெய்சிங். துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆதலின் உலகும் விழிக்கவில்லை. 2013 இறுதி முதல் ஏழு திட்டுகளில் மணல் வாரிக் கொட்டி, ஏறத்தாழ 3,200 ஏக்கர் நிலம் ஆக்கப்பட்டது. குடில் நின்ற திட்டில் இன்று இருப்பது வானூர்தி ஓடுதளம்.

2016 சூலை 12இல் ஹேக் நகர் நடுவர் மன்றம், ஒன்பது கோட்டு எல்லைக்குள் சீனம் கோரிய வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லையென்றது. ஸ்கார்பரோ திட்டில் பிலிப்பைன்சு மீனவரின் மரபுவழித் தொழிலைச் சீனம் தடுத்தது முறையன்று என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. சீனம் அதனை ஏற்கவில்லை.

மீனவன் பெயரால் தொடங்கிய அரண், மீனவனையே விரட்டியது. நெய்தல் மாந்தர்க்கு ஒதுங்கிடம் என்பது உயிர்காக்கும் சொல். அத்தகைய சொல் களவு போகும்போது முதலில் உணர வேண்டியவர், சொல்லையே தொழிலாகக் கொண்ட நாமல்லவா?