ஒரு ரயில், மூன்று வாழ்க்கை

ஜீவா இயக்கிய ‘12பி’ (2001) உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேருந்தைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் இன்னொன்று. 1998இல் லண்டன் சுரங்க ரயிலை வைத்து ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ இதையே செய்தது. அதே ஆண்டு ‘ரன் லோலா ரன்’ படத்தில் பெர்லின் தெருக்களில் லோலா மூன்று முறை ஓடினாள். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக நான் கருதுவது, போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1981இல் எடுத்த ‘பிளைண்ட் சான்ஸ்’.

தந்தை இறந்தபின் மருத்துவப் படிப்பிலிருந்து விலகும் வித்தெக், வார்சா செல்லும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். பிடித்துவிட்டால், பெட்டியில் சந்திக்கும் ஒரு மூத்த கம்யூனிஸ்ட்டின் வழியாகக் கட்சியில் சேர்கிறான். ரயில்வே காவலர்மீது மோதினால், கைதாகி, தண்டனையின்போது அரசு எதிர்ப்பாளர்களின் நட்பு கிடைத்துத் தலைமறைவு அச்சகத்துக்குப் போகிறான். ரயிலைத் தவறவிட்டு நடைமேடையில் உடன்படித்த பெண்ணைக் கண்டால், அவளை மணந்து, எந்தப் பக்கமும் சேராத மருத்துவனாகிறான்.

மற்ற படங்களில் தற்செயல் பெரும்பாலும் காதலைத்தான் மாற்றுகிறது. இங்கே அது ஒருவனின் அரசியலையே மாற்றுகிறது. அன்றைய போலந்தில் ஒருவர் கட்சிக்காரரா, எதிர்ப்பாளரா என்பதைக்கொண்டே அவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவு செய்தார்கள். கீஸ்லோவ்ஸ்கியோ மூன்று பக்கத்திலும் அதே நல்ல மனம் கொண்ட இளைஞனை நிறுத்துகிறார். ஒதுங்கி நின்றவனுக்கும் பாதுகாப்பில்லை. அவன் ஏறிய விமானம் வானில் வெடிக்கிறது. படம் அங்கே முடிகிறது.

படத்தின் கதியையும் வரலாறே முடிவு செய்தது. 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. படம் முடக்கப்பட்டது. தணிக்கைக்குப் பின் 1987இல்தான் திரைக்கு வந்தது.

அப்படியானால் எவர் செயலுக்கும் எவரும் பொறுப்பில்லையா? படம் அப்படிச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டாம் கதையில், தோழர்களைப் பற்றித் தகவல் தந்தால் கடவுச்சீட்டு தருவதாக வித்தெக்கிடம் பேரம் பேசுகிறார்கள். அவன் மறுக்கிறான். அவனை அந்த அணியில் கொண்டுபோய்ச் சேர்த்தது தற்செயல். மறுத்தது அவனுடைய முடிவு. எதிரணியில் நிற்பவரை எடைபோடும்போது இவ்விரண்டையும் நாம் பிரித்துப் பார்க்கிறோமா என்பதே படம் இன்றும் நம்மிடம் வைக்கும் கேள்வி.