ஏழு படிகளும் இரண்டு சட்டங்களும்

சட்டம் என்றாலே நம் வயதுக்காரர்களுக்குக் கோர்ட்டும் வக்கீலும்தான் நினைவுக்கு வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமோ மருத்துவமனை வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது.

முதல் சட்டம் 1995-இல் நிறைவேறி, 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 7 வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் கொண்டது. மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சாய்தளம் வேண்டும் என்றது அதன் 46-ஆம் பிரிவு. ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டே செய்தால் போதும் என்ற வரம்பையும் கூடவே வைத்தது. பிரெஞ்சுப் பள்ளியில் ‘செய்ய வேண்டும்’, ‘செய்யலாம்’ இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆசிரியர் கற்றுத் தந்தார். பின்னாளில் அரசாணைகளைப் படிக்க அதுவே உதவியது. ‘நிதி இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் கோப்பு மூடப்பட்டுவிடும்.

என் மைத்துனர் இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாதவர். சாதாரணக் காய்ச்சலுக்கும் அவரை முதுகில் சுமந்துதான் ஒரு மருத்துவமனையின் ஏழு படிகளை ஏறுவோம். மேலே போனால் நீண்ட வரிசை. “காய்ச்சல் தானாப் போயிடும், விடுங்க மாமா” என்பார். கூச்சத்தாலேயே பலமுறை வைத்தியம் தள்ளிப்போனது.

அப்போது நம் ஓசூர்ப் பக்கம் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரி 9-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. அதுவரை சானமாவு ஆட்கள் மாவட்டத் தலைநகரில் ஒரு காரியம் என்றால் தருமபுரிக்கே பஸ் ஏற வேண்டும்.

ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன்படி வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. குறைபாடுகள் 21 வகை ஆயின. இதன் 25-ஆம் பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: வருமான வரம்புக்கு உட்பட்டு அருகிலேயே, குறிப்பாகக் கிராமங்களில், இலவச மருத்துவம், அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் செல்லும் வசதி, சிகிச்சையில் முன்னுரிமை. பழைய ‘பொருளாதார வசதி’ இந்தப் பிரிவில் இல்லை.

பழைய பொதுக் கட்டடங்களைச் சீராக்க 5 ஆண்டு கெடு. விதிகள் 2017 ஜூனில் வந்ததால் 2022-இல் அது முடிந்தது. பிரான்சும் 2005-இல் சட்டம் போட்டு 10 ஆண்டு கெடு வைத்தது, முடியாமல் நீட்டித்தது. ஆகவே கெடு மட்டும் போதாது, கேட்க ஆள் வேண்டும்.

வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-இல் நம் மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மருத்துவமனையில் யாராவது “வரிசையில் நில்லுங்க” என்றால், 25-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி வையுங்கள்.