குடைக்கம்பியில் வந்த செய்தி

போன வாரம் என் தம்பி மகன் காரை வாசலில் நிறுத்திவிட்டு, "பெரியப்பா, ரேடியோ ஒரே இரைச்சலா இருக்கு. செட்டையே மாத்திரலாம்னு பாக்கேன்" என்றான். எட்டாயிரம் ரூபாய் ஆகுமென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் செட்டைப் பார்க்கவில்லை, காரின் கூரையைப் பார்த்தேன். ஏரியல் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கட்டை மட்டும்தான் இருந்தது. மரக்கிளை ஏதோ தட்டி முறித்திருக்கிறது. "செட்டு நல்லாத்தாம்ல இருக்கு, காதைத்தான் அறுத்துட்டே" என்றேன்.

இந்த ஏரியல் கம்பிக்கு ஒரு வரலாறு உண்டு. நம்ம கடையத்துக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

காரில் ரேடியோவைப் பெரிய அளவில் விற்கத் துணிந்தவர் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பால் கால்வின். 1930-இல் தம் காரில் ஒரு வால்வு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே கடை போட வசதியில்லை. வெளியே காரை நிறுத்தி, பாட்டை உரக்க வைத்து ஆட்களைக் கூப்பிட்டார். 'மோட்டோரோலா' என்ற பெயர் அப்போது பிறந்ததுதான். அன்றைய கார்களின் கூரை மரச்சட்டமும் துணியும்தான். அதனால் ஏரியல் கம்பியைக் கூரைத் துணிக்குள்ளேயே மறைத்து வைத்துவிடுவார்கள். 1935-இல் அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனி முழு இரும்புக் கூரை கொண்டுவந்தது. இரும்பு ரேடியோ அலையை உள்ளே விடாதே! ஆகவே கம்பி வெளியே வர வேண்டியதாயிற்று. அம்பாசிடரின் முன் மட்கார்டில் நாம் பார்த்த, இழுத்தால் நீளும் அந்தக் கம்பி அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

நம் பக்கத்தில் கார் ரேடியோவுக்கு முன்பே வீட்டு ஏரியல் வந்துவிட்டது. ஓட்டுக் கூரைக்கு மேலே இரண்டு மூங்கில் நட்டு, நடுவே செப்புக் கம்பி கட்டியிருப்பார்கள். தபால் ஆபீசில் ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டி லைசென்சு வாங்க வேண்டும். திருச்சி நிலையம் 1939-இலேயே வந்துவிட்டது, திருநெல்வேலி நிலையம் 1963-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நமக்குக் கொழும்புதான் துணை. கொழும்பு இங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். அத்தனை தூரத்திலிருந்து அவ்வளவு தெளிவாக எப்படிக் கேட்டது? நடுவில் இருப்பது மன்னார் வளைகுடா. மத்திய அலை உப்புத் தண்ணீரின் மேல் அதிகம் தேயாமல் ஓடி வரும், காய்ந்த நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடல் நமக்குச் செய்த உபகாரம் அது.

இனி 1992-க்கு வருகிறேன். நவம்பர் 13-ஆம் தேதி மலையில் கொட்டிய மழையில் தாமிரபரணி பொங்கியதை நம்மில் யார் மறப்போம்? எங்கள் தெருவில் கரண்டு இல்லை, போன் இல்லை. டிரான்சிஸ்டரில் கட்டை தீர்ந்துபோயிருந்தது, கடையும் அடைத்திருந்தது. என் தங்கை குடும்பம் திருநெல்வேலியில் சிந்துபூந்துறையில், ஆற்றங்கரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அப்பா, "வண்டியை எடுங்கடா, போய்ப் பாத்திருவோம்" என்று நின்றார். அம்மா ஒரு பக்கம் அழுகை.

எதிர்வீட்டு அண்ணாச்சி வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடரில் ரேடியோ இருந்தது. ஆனால் கம்பியைத் தெருப் பிள்ளைகள் எப்போதோ ஒடித்துவிட்டார்கள், அரை அடிக் குழாய்தான் மிச்சம். போட்டால் இரைச்சல் மட்டும். அண்ணாச்சி உள்ளே போய் ஒரு கிழிந்த குடையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு கம்பியைப் பிடுங்கி, துருவைச் சுரண்டி, அந்த ஒடிந்த குழாய்க்குள் செருகி, செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றினார். எஞ்சினை அணைக்கச் சொன்னார். பிளக்கின் பொறி போடும் படபட சத்தம் நின்றது. முள்ளைத் திருப்பத் திருப்ப, திருநெல்வேலி நிலையம் வந்தது. ஆற்றோரம் நெடுக வெள்ளம் என்ற செய்தியைப் பத்துப் பதினைந்து பேர் அந்தக் காரைச் சுற்றி நின்று கேட்டோம்.

தங்கையைப் பற்றி அதில் ஒன்றும் வரவில்லை, வரவும் செய்யாது. ஆனால் அப்பா வண்டியிலிருந்து கையை எடுத்தார். "விடியட்டும்" என்றார். அந்த இருட்டில் கிளம்பியிருந்தால் எந்த ஓடையில் போய் மாட்டியிருப்போமோ! தங்கை குடும்பம் பக்கத்து வீட்டு மாடியில் பத்திரமாக இருந்த செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது.

அண்ணாச்சி அன்று செய்ததைத்தான் தம்பி மகனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் உதவும்.

முதலில் காசு செலவில்லாத சோதனை. சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருக்கும் போன் சார்ஜரைப் பிடுங்குங்கள். மலிவு சார்ஜரே பாதி இரைச்சலுக்குக் காரணம். எஞ்சினை அணைத்ததும் இரைச்சல் நின்றால், கோளாறு ஏரியலில் அல்ல, வண்டியின் மின்சாரத்தில்.

அடுத்தது கம்பி. எஃப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டர் கம்பி போதும். பழைய குழாய்க் கம்பி ஒடிந்தால் குடைக்கம்பி அவசரத்துக்குத் தாங்கும். இப்போதைய குட்டை ரப்பர் கம்பிக்குள் சுருள் இருக்கிறது. அது ஒடிந்தால் அதே மரையில் திருகும் புதுக் கம்பி வாங்குவதே நல்லது. செட்டின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

மூன்றாவது எர்த். ஏரியலின் அடிப்பாகம் வண்டியின் இரும்போடு நன்றாகப் படிந்திருக்க வேண்டும். மழைத் தண்ணீர் இறங்கித் துரு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். புதுச் செட்டு மாட்டிய பிறகு ஒலி குறைந்திருந்தால், ஏரியலுக்குக் கரண்டு கொடுக்கும் நீல ஒயரை மாட்டாமல் விட்டிருப்பார்கள்.

இத்தனையும் செய்தபின், புளியரை மலைப்பாதை வளைவில் பாட்டு அறுந்தால் யாரையும் திட்ட வேண்டாம். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது, மலை மறைத்தால் மறைத்ததுதான்.

தம்பி மகன் தென்காசியில் புதுக் கம்பி வாங்கித் திருகினான். கோடைக்கானல் எஃப்.எம். 100.5-இல் பாட்டு வந்ததும், "இவ்வளவுதானா பெரியப்பா!" என்றான். கையில் செல்போன் இருக்க ரேடியோ எதற்கு என்று முன்பு கேட்டவனும் அவன்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடிப் பக்கம் பல ஊர்களில் கரண்டும் செல்போனும் சேர்ந்தே போனதை அவனுக்கு நினைவுபடுத்தினேன்.

வீட்டில் பழைய குடை இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.